மிதித்து ஓட்டும் நீர்மூழ்கி: பந்தயத்துக்கு ஒன்றைக் கட்டுவது எப்படி

சர்வதேச நீர்மூழ்கிப் பந்தயத்தில் ஓடும் நீர்மூழ்கிகளுக்கு மோட்டார் கிடையாது. உள்ளே குப்புறப் படுத்திருப்பவர் காலால் மிதிக்கிறார், பின்னால் புரொப்பெல்லர் சுழல்கிறது, கலம் நகர்கிறது. இருவர் பிரிவில் ஒருவர் மிதிக்க, மற்றவர் திசை பார்த்து ஓட்டுவார். தண்ணீர் புகாத கூடு என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளே முழுக்கத் தண்ணீர்தான். ஓட்டுபவர் ஸ்கூபா சிலிண்டரிலிருந்து மூச்சு விடுகிறார்.

இந்தப் பந்தயம் 1989இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், ரிவியரா பீச் கடலில் தொடங்கியது. 1995 முதல் மேரிலாண்டின் கார்டெராக்கில் உள்ள டேவிட் டெய்லர் சோதனைத் தொட்டிக்கு வந்துவிட்டது. சுமார் 15.5 மீட்டர் அகலமும் 6.7 மீட்டர் ஆழமும் உள்ள அந்தத் தொட்டியில் நேர்கோட்டு ஓட்டம். 2012இல் இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில், ஹாஸ்லர் தொட்டியில் ஐரோப்பியப் பந்தயம் தொடங்கியது. 122 மீட்டருக்கு 61 மீட்டர் என்று விரிந்த அந்தத் தொட்டியில் திரும்பவும் வளைந்து நெளியவும் வேண்டியிருக்கும். 2007இல் கார்டெராக்கில் மாண்ட்ரியல் மாணவர்களின் ஓமர் 5 என்ற இருவர் கலம் 8.035 நாட் வேகம் எடுத்தது. மணிக்கு 15 கிலோமீட்டர்கூட இல்லை. அந்த வேகத்துக்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பது கீழே உள்ள கணக்கைப் பார்த்தால் விளங்கும்.

புதிதாக வரும் குழுக்கள் கால் பலத்தையும் புரொப்பெல்லரையும் பற்றியே பேசுவார்கள். ஆனால் அவர்களைக் கவிழ்ப்பது வேறு. கலம் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிடும், அல்லது பக்கவாட்டில் உருண்டு சுவரை நோக்கிப் போகும். அதனால் இந்தக் குறிப்பில் சமநிலைக்குத்தான் அதிக இடம்.

முதலில் கணக்கு

ஒருவர் கலத்துக்கு 2.8 மீட்டர் நீளம், 65 செ.மீ. விட்டம் என்று எடுத்துக்கொள்வோம். முன்பக்கப் பரப்பு 0.33 சதுர மீட்டர், கொள்ளளவு ஏறத்தாழ 600 லிட்டர். சிறகுகள், கதவு இடுக்குகள் எல்லாம் சேர்த்து இழுவைக் குணகம் (வடிவம் தண்ணீரில் எவ்வளவு தடைபடும் என்பதைக் காட்டும் எண்) 0.1 என்று வைத்தால், நொடிக்கு 2.5 மீட்டர் வேகத்தில் தண்ணீர் சுமார் 100 நியூட்டன் விசையோடு எதிர்க்கும். அதைத் தள்ள 250 வாட் வேண்டும். ஓட்டுபவர் 350 வாட் மிதிக்கிறார், கியரில் 10 சதவீதமும் புரொப்பெல்லரில் 20 சதவீதமும் போகிறது என்றால் மிஞ்சுவது சரியாக அந்த 250 வாட். ஆக இந்தக் கலம் சுமார் 4.9 நாட் போகும்.

தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடியாக ஏறுகிறது. வேகம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் எட்டு மடங்கு திறன் வேண்டும். ஓட்டுபவர் மாதக்கணக்கில் பயிற்சி செய்து 10 சதவீதம் கூடுதலாக மிதித்தாலும் வேகம் 3 சதவீதம்தான் கூடும். விட்டத்தை 65இலிருந்து 58 செ.மீ.க்குக் குறைத்தாலோ முன்பக்கப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. உழைப்பை எங்கே போட வேண்டும் என்பதற்கு இதுவே பதில்.

இன்னொரு கணக்கும் உண்டு. அதைப் பலர் தவறவிடுகிறார்கள். மிதக்காமலும் மூழ்காமலும் நிற்கும் எந்தப் பொருளின் நிறையும் அது இடம்பெயர்க்கும் தண்ணீரின் நிறைதான். 600 லிட்டர் கலம் என்றால் ஓடு (வெளிக்கூடு), ஆள், உள்ளே உள்ள தண்ணீர் எல்லாம் சேர்ந்து 600 கிலோவை நகர்த்தியாக வேண்டும். அந்த ஓட்டைக் கார்பன் இழையில் செய்து 15 கிலோ மிச்சப்படுத்தினால், அந்த இடத்தைத் தண்ணீரோ ஈயமோ நிரப்பிவிடும். நீருக்குள் ஒரு கிராம்கூடக் குறையாது. கார்பன் கரையில் தூக்க வசதி, விறைப்பும் அதிகம், அவ்வளவுதான். நிறையைக் குறைக்க ஒரே வழி வெளி அளவைக் குறைப்பது.

ஆளை அளந்து ஓட்டின் வடிவத்தை வரையுங்கள்

அட்டைப்பெட்டியில் மாதிரி செய்யாமல் கணினியில் வடிவம் வரையாதீர்கள். ஓட்டுபவர் ஈர உடை (முக்குளிப்பவர்கள் அணியும் ரப்பர் நுரை உடை) போட்டு, முகமூடி மாட்டி, சிலிண்டரை மார்புக்குக் கீழே வைத்துக் குப்புறப் படுக்கட்டும். மிதிக்கும்போது முழங்கால் எங்கே வரை வருகிறது, குதிகால் எங்கே போகிறது என்று சுற்றிச் சுற்றி அளந்து, ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் ஒரு குறுக்குவெட்டு வரையுங்கள். விட்டத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தோள் அல்ல, முழங்கால். கிராங்க் (மிதியை அச்சோடு இணைக்கும் தண்டு) நீளத்தை சைக்கிளில் உள்ள 170 மி.மீ.யிலிருந்து 140 அல்லது 150க்குக் குறைத்தால் முழங்கால் வீச்சு சுருங்கும். கால் தண்ணீரைக் கலக்கி வீணாக்கும் சக்தியும் குறையும்.

வடிவத்தில் நீளம், விட்டத்தைப் போல நான்கிலிருந்து ஐந்து மடங்கு இருக்கட்டும். அதிகபட்ச அகலம் மூக்கிலிருந்து 40 முதல் 45 சதவீதத் தூரத்தில் வர வேண்டும். வால் கூம்பு மையக்கோட்டோடு 20 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது. சாய்ந்தால் நீரோட்டம் ஓட்டை விட்டுப் பிரிந்து, பின்னால் சுழல் கிளம்பி, புரொப்பெல்லருக்குக் கலங்கிய தண்ணீர்தான் கிடைக்கும்.

மேலே சொன்ன அளவில் வழவழப்பான வெறும் உடலுக்கு மட்டும் கணக்குப் போட்டால் இழுவை 50 நியூட்டன்தான் வருகிறது. மீதி 50, கதவு விளிம்பு, துளைகள், சிறகு பொருந்தும் மூலை, தூக்கி நிற்கும் கைப்பிடி ஆகியவற்றால் வருவது. கதவு ஓட்டோடு 2 மி.மீ.க்குள் ஒட்டி உட்கார வேண்டும். திறக்கும் பிடிகளை ஓட்டின் மட்டத்துக்கு உள்ளே பதியுங்கள்.

ஓடு வார்த்தல்

நுரைப் பலகைகளை ஒட்டி, வெட்டு அட்டைகளை வழிகாட்டியாக வைத்து இழைத்து அச்சுக் கட்டை செய்யுங்கள். அதன்மேல் இரண்டு பாதிகளாகப் பெண் அச்சு (உட்குழிந்த அச்சு) எடுத்து, அதற்குள் வார்ப்பதுதான் நல்லது. நேரம் இரண்டு மடங்கு ஆகும், ஆனால் வழவழப்பு வெளிப்பக்கம் கிடைக்கும். சதுர மீட்டருக்கு 300 கிராம் கண்ணாடி இழைத் துணி மூன்று அடுக்கு, நடுவில் விறைப்புக்கு 5 மி.மீ. நுரைப் பட்டைகள் போதும். உள்ளும் புறமும் ஒரே தண்ணீர் அழுத்தம் என்பதால் ஓடு நசுங்கும் பேச்சே இல்லை. கரையில் கையாளும்போது வளையாமல் இருந்தால் சரி.

ஒரு எச்சரிக்கை. தெர்மோகோல் வகை நுரையின் மேல் பாலியெஸ்டர் ரெசினை நேரடியாகப் பூசினால் நுரை கரைந்து குழி விழும். அங்கே எபாக்ஸிதான். கார்பன் பயன்படுத்தினால் அலுமினியம் அதைத் தொடாதபடி இடையில் கண்ணாடி இழை ஒரு அடுக்கு வையுங்கள். உப்புத் தண்ணீரில் அந்த அலுமினியம் சில நாளிலேயே வெள்ளைப் பொடியாகப் பூக்கத் தொடங்கும்.

மிதியும் கியரும்

சைக்கிளில் நிமிடத்துக்கு 90 சுற்று மிதிப்பவர்கூடத் தண்ணீருக்குள் 50, 60 சுற்றுக்கு மேல் போனால் தன் கால்களை நகர்த்தவே பாதி பலத்தைச் செலவிடுவார். அதனால் மெதுவாக, அழுத்தி மிதிக்க வேண்டும். கியரில் 1:3 விகிதம் வைத்து 60 சுற்றை 180 ஆக்குங்கள். மிதியின் அச்சு குறுக்காக இருக்கிறது, புரொப்பெல்லரின் அச்சு நீளவாக்கில் இருக்கிறது. ஆக 90 டிகிரி திருப்பும் சாய்பல் கியர்பாக்ஸ் அவசியம். அதை எண்ணெய் நிரப்பி, இரட்டை உதட்டு சீல் போட்டு மூடுங்கள். உள்ளே கொஞ்சம்கூடக் காற்று விடாமல் நிரப்பினால் ஆழத்தில் தண்ணீர் உள்ளே உறிஞ்சப்படாது.

கியர் உடைவதைவிட அடிக்கடி நடப்பது கியர்பாக்ஸைத் தாங்கும் சட்டம் வளைவது. ஆள் முழுப் பலத்தோடு மிதிக்கும்போது சட்டம் 3 மி.மீ. வளைந்தாலே பற்கள் விலகி 'கடக்' என்று தாவும். நீருக்குள் அந்தச் சத்தம் கேட்காமலும் போகலாம். கரையில் மிதியைப் பூட்டிவிட்டு, ஒருவர் ஏறி நின்று வளைவை அளந்து பாருங்கள்.

தண்ணீருக்குள் ஆளுக்கு எடையே இல்லை. மிதியைத் தள்ளினால் உடல் முன்னால் போய்விடும். தோளுக்கு மேல் இரண்டு மெத்தைத் தாங்கிகளும் இடுப்புக்கு ஒரு பட்டையும் வேண்டும். இவை தளர்வாக இருந்தால் 350 வாட் மிதிப்பவரிடமிருந்து 250 வாட்கூடக் கிடைக்காது.

புரொப்பெல்லர்

விட்டம் பெரிதாகவும் இலைகள் ஒல்லியாகவும் இருக்கட்டும். 100 நியூட்டன் தள்ளுவிசைக்கு 60 செ.மீ. விட்டத்தில் கோட்பாட்டளவில் கிடைக்கும் உச்சத் திறன் 97 சதவீதம். 30 செ.மீ. விட்டத்தில் அது 91. இலையின் உராய்வு இதிலிருந்து மேலும் கழியும். படகுக் கடையில் கிடைக்கும் அகல இலை வேகமாகச் சுழலும் எஞ்சினுக்கானது, இங்கே உதவாது.

நொடிக்கு 2.5 மீட்டர் வேகம், நொடிக்கு 3 சுற்று என்றால் ஒரு சுற்றுக்குக் கலம் 83 செ.மீ. முன்னேறுகிறது. வழுக்கலுக்கு 10 சதவீதம் சேர்த்து, பிட்ச் (வழுக்காமல் இருந்தால் இலை ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) 92 செ.மீ. அளவில் வையுங்கள். இந்தப் பிட்ச் ஓட்ட வேகத்துக்குச் சரி, ஆனால் கிளம்பும்போது இலை தண்ணீரை வெட்டாமல் கலக்கும். ஓட்டத்தின்போதே இலையைத் திருப்பிப் பிட்சை மாற்றும் அமைப்பு இதற்காகத்தான். முதல் கலத்தில் அது வேண்டாம். கரையில் வைத்து இலைக் கோணத்தை 2 டிகிரி முன்னும் பின்னும் திருகி மாற்ற வசதி செய்தால் போதும்.

சமநிலை: இங்கேதான் பந்தயம்

புரொப்பெல்லரை ஒரு பக்கம் சுழற்றினால் கலம் எதிர்ப்பக்கம் உருளப் பார்க்கும். நம் கலத்தில் அந்த முறுக்கு சுமார் 17 நியூட்டன் மீட்டர். அதைத் தடுப்பது அடியில் உள்ள ஈயமும் கூரையில் உள்ள நுரையும்தான். நீருக்குள் 6 கிலோ எடை காட்டும் ஈயம் அடியில், 6 கிலோ தூக்கும் நுரை மேலே, இரண்டுக்கும் இடையே 50 செ.மீ. என்று வைத்தால் கலம் 35 டிகிரி சாய்ந்துதான் நிற்கும். அதை 10 கிலோவாக்கினால் 20 டிகிரி. 30 டிகிரி சாய்ந்த கலத்தில் இடது பக்கம் திருப்ப நினைத்து சுக்கானைத் தள்ளினால் மூக்கு சேர்ந்தே மேலே அல்லது கீழே போகும். ஓட்டுபவர் அதைத் திருத்தப் போய் இன்னும் குழம்புவார். எதிரெதிராகச் சுழலும் இரட்டைப் புரொப்பெல்லர் இந்த முறுக்கை அறவே நீக்கும், ஆனால் கியர் வேலை கூடும்.

சமநிலைப்படுத்தும்போது அவசரம் வேண்டாம். முதலில் வெறும் ஓட்டைத் தண்ணீரில் இறக்கி, மூக்கைத் தூக்கி, வாலைத் தூக்கி, பக்கவாட்டில் உருட்டி, ஓட்டைக் கையால் தட்டுங்கள். சிறகின் உட்புறம், சட்டக் குழாய், பட்டைகளின் மூலை எங்கும் காற்று ஒளிந்திருக்கும். ஒவ்வொரு குழாய்க்கும் மேலும் கீழும் 6 மி.மீ. துளை போட்டிருந்தால் தானே வெளியேறும். பிறகு ஓடு, கியர் இரண்டும் மட்டும் நடுநிலையில், அதாவது மிதக்காமலும் மூழ்காமலும், நிற்கும்படி நுரையையும் ஈயத்தையும் வையுங்கள். ஓட்டுபவர் தனியாகத் தன் உடையில், பாதி காலியான சிலிண்டரோடு, பாதி மூச்சில் நடுநிலைக்கு வரட்டும். அதன் பிறகுதான் இரண்டையும் சேர்க்க வேண்டும். இந்த வரிசையில் செய்தால் ஓட்டுபவர் மாறும்போது கலத்தைத் தொட வேண்டியதில்லை.

இதையெல்லாம் ஓடப்போகும் ஆழத்திலேயே செய்யுங்கள். மேற்பரப்பில் சரிபார்த்த ஈர உடை 6 மீட்டர் ஆழத்தில் அமுங்கி, அதற்குள் உள்ள வாயு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கிவிடும். மேலே மிதந்தவர் கீழே கனப்பார். அரை கிலோ தவறினாலும் முதல் 10 நொடியில் கலம் 40 செ.மீ. ஏறும் அல்லது இறங்கும், பிறகு இன்னும் வேகமாக. சோதனை எளிது: துணை முக்குளிப்பவர்கள் இருவர் கலத்தைக் கிடையாகப் பிடித்து மெல்லக் கைவிடட்டும். 30 நொடியில் ஒரு முழத்துக்கு மேல் நகரக் கூடாது. மூக்கு சாய்ந்தால், 1 கிலோ ஈயத்தை 1 மீட்டர் நகர்த்தினாலே 11 டிகிரி மாறும் என்று கணக்கில் கொண்டு, கால் கிலோ கால் கிலோவாக நகர்த்துங்கள்.

இத்தனையும் செய்து முடித்த பிறகு எல்லாவற்றையும் கெடுப்பது மூச்சுக்காற்று. கடுமையாக மிதிப்பவர் ஒரு மூச்சில் 2 லிட்டர் வெளியே விடுவார். அது கூரைக்கு அடியில் தங்கினால் 2 கிலோ தூக்குவிசை. ஐந்து மூச்சில் கலத்தின் முன்பாதியை 10 கிலோ மேலே இழுக்கும். ஓட்டுபவரின் தலைக்கு நேர் மேலே உள்ள உச்சிக்கோட்டில் 20 மி.மீ. துளைகளை ஒரு வரிசையாகப் போடுங்கள், பின்பக்க உச்சியிலும் சில. உட்கூரை அந்தத் துளைகளை நோக்கி வழிந்து ஏறும்படி இருக்க வேண்டும், இடையில் எந்தப் பட்டையும் காற்றுக்கு அணையாக நிற்கக் கூடாது. கண்ணாடி மூக்கு ஓட்டோடு சேரும் விளிம்புதான் வழக்கமான குற்றவாளி: அங்கே பிறை வடிவில் ஒரு வெள்ளிக் குமிழி மினுங்கிக்கொண்டு கிடக்கும். ஓட்டுபவர் தலைக்கு மேலே என்பதால் பார்க்கவும் மாட்டார். வெளியே நீந்தும் துணையாள் கைவிளக்கு அடித்துப் பார்த்தால் உடனே தெரியும்.

சுக்கான்

வாலில் நான்கு சிறகுகள், நாகா 0015 என்ற சமச்சீரான சிறகு வடிவ வெட்டு, ஒவ்வொன்றும் 18 செ.மீ. அகலம், 25 செ.மீ. நீளம் என்று தொடங்குங்கள். புரொப்பெல்லருக்கு முன்னால் வையுங்கள். சைக்கிள் பிரேக் கேபிளே போதும், எலக்ட்ரானிக் சர்வோ (சிறகைத் திருப்பும் சிறு மோட்டார்) அடுத்த கலத்துக்கு. கைப்பிடி முழுவதும் திரும்பினாலும் சிறகு 15 டிகிரியைத் தாண்டாதபடி தடை வையுங்கள். தாண்டினால் சிறகு திருப்பாது, பிரேக் மட்டும் போடும்.

உயிர்

ஓட்டுபவரும் துணையாட்களும் சான்று பெற்ற ஸ்கூபா முக்குளிப்பவர்களாக இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பு கிடையாது. மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் ஒன்றரை மீட்டர் ஆழத்திலிருந்துகூட நுரையீரல் கிழியலாம்.

காற்றுக் கணக்கு: கடின உழைப்பில் மேற்பரப்பு அளவில் நிமிடத்துக்கு 60 லிட்டர் என்று வையுங்கள். 6 மீட்டரில் அழுத்தம் 1.6 பார், அதாவது 96 லிட்டர். 3 லிட்டர் சிலிண்டரில் 200 பார் நிரப்பினால் 600 லிட்டர், 6 நிமிடத்தில் தீரும். காத்திருக்கும்போது துணையாளின் சிலிண்டரில் மூச்சு விட்டு, கிளம்பும் கணத்தில் கலத்தின் சிலிண்டருக்கு மாறுங்கள். எந்த ஓட்டமும் பாதிக் காற்று மிச்சமிருக்க முடிய வேண்டும்.

கைப்பிடியில், ஓட்டுபவர் அழுத்திக்கொண்டே இருக்கும் ஒரு பொத்தான். கையைத் தளர்த்தினால் பளிச்சென்ற மிதவை ஒன்று 10 மீட்டர் கயிற்றோடு மேலே பாய வேண்டும். இதில் பழுது இரண்டு விதம். மிதவையின் மூடி தண்ணீரில் ஊறி இறுகிக்கொள்ளும், அல்லது கயிறு சுருளிலிருந்து விழுந்து சிக்கும். மூடியைச் சுற்றி 1.5 மி.மீ. இடைவெளி விட்டு, கயிற்றை எட்டு வடிவில் மடித்து வைத்தால் இரண்டும் தீரும். ஒவ்வொரு முறை நீரில் இறக்கும்போதும் ஒரு தடவை விட்டுப் பாருங்கள்.

கதவு உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் ஒரே கையால் திறக்க வேண்டும். பிடியைச் சுற்றி ஆரஞ்சு நிறம் அடியுங்கள். முகம் வெளியே இருந்து தெரிய வேண்டும். மேலே ஒளிவிட்டு மின்னும் விளக்கு எப்போதும் எரிய வேண்டும். சைக்கிள் கிளிப் காலணி வேண்டாம், பீதியில் காலைத் திருகத் தோன்றாது. ஒரே இழுப்பில் கழலும் பட்டை போடுங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு, தோள்தாங்கி, இடுப்புப் பட்டை, கால் பட்டை, கதவு என்ற வரிசையில் வெளியேறுவதைக் கரையில் இருபது முறை, ஆழமில்லாத குளத்தில் இருபது முறை செய்யட்டும். கை தானாகப் போகும் வரை ஓட்டம் கிடையாது.

ஓட்டம்

கிளம்பும் கணம்தான் மிக மோசமானது. வேகம் பூஜ்யம் என்பதால் சுக்கானுக்குப் பிடிப்பில்லை, மிதியிலோ முழு முறுக்கு. அதனால் முதல் ஐந்து சுற்றைப் பாதி பலத்தில் மிதிக்கச் சொல்லுங்கள். துணையாட்கள் கலத்தை, உருளும் திசைக்கு எதிராக 10 டிகிரி சாய்த்துப் பிடித்து விட்டால் முறுக்கு வரும்போது நிமிர்ந்துகொள்ளும். 600 கிலோ நொடிக்கு 2.5 மீட்டர் வேகம் பிடிக்க முதல் 30, 40 மீட்டர் ஆகும். இந்தத் தூரத்தில் பதற்றப்பட்டு முழுமூச்சாக மிதித்தவர் நேரம் அளக்கப்படும் பகுதிக்கு வரும்போது துவண்டிருப்பார்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். ஈயம் எங்கே, எத்தனை கிலோ, இலைக் கோணம், சிலிண்டரில் மீதி, எந்தப் பக்கம் இழுத்தது என்று கரையிலேயே எழுதிவிடுங்கள். ஈயத்தையும் இலைக் கோணத்தையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

முடிந்து கலத்தைத் தூக்கும்போது, கிரேன் ஆளிடம் முதலில் ஒரு சாண் மட்டும் தூக்கி நிறுத்தச் சொல்லுங்கள். உள்ளே அரை டன் தண்ணீர் இருக்கிறது. அடியில் 50 மி.மீ. வடிகால் துளைகள் நான்காவது திறந்திருந்தால் அது கொட்டிக்கொண்டே வரும். அவசரப்பட்டு ஒரே மூச்சில் தூக்கினால், நீருக்குள் எடையே தெரியாத அந்த ஓடு வார் பட்டையின் இடத்தில் இரண்டாக மடியும்.